இன்னும் ஒரு சோலி

வண்டியில் ஏறுவதற்கு முன் அவர் அதை மூன்று தடவை சுற்றி வருவார். முதல் சுற்றில் டயர்களைக் காலால் உதைத்துப் பார்ப்பார். இரண்டாவது சுற்றில் குனிந்து, அடியில் எண்ணெய் எங்காவது சொட்டுகிறதா என்று பார்ப்பார். மூன்றாவது சுற்றில் ஒன்றும் செய்ய மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நடப்பார். அந்த மூன்றாவது சுற்றுதான் எல்லோருக்கும் எரிச்சல். லோடு ஏற்றி முடித்து மூட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள், “டிரைவரண்ணே, வெரசா வாங்க, வெயில் ஏறுது” என்பார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “இன்னும் ஒரு சோலி இருக்கு” என்பார்.

என்ன சோலி என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

உலகச் சண்டையில் நின்றுபோன ரயில் போடியில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. ஏலக்காய்க் கடைகள் இருந்த தெருவில், ஒரு பெரிய ஏலக்காய் ஸ்டோரை ஒட்டி, லாரிகளுக்குப் படுதாவும் சீட்டு உறையும் தைக்கிற கடை வைத்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் அந்த ஸ்டோர் முதலாளியின் வண்டிகளை ஓட்டினார். மலைத்தோட்டங்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய் ஏற்றிப் போவார். திரும்பும்போது ஏலக்காய் மூட்டைகள் வரும். நாற்பதை ஒட்டிய வயது. ஒல்லியான, நெடிய ஆள். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டுக்கொள்வார். ஊரே அவரை டிரைவரண்ணன் என்றது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

அவருடைய தாமதத்தைப் பற்றி ஊரில் கேலிப் பேச்சு நிறைய இருந்தது. ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் அவர் வண்டியில் ஏறாதே, அடுத்த நாள் ரயில்தான் கிடைக்கும் என்பார்கள். ஆனால் ஒரு நாள் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிவிட்டார்கள். போடிமெட்டுக்குப் போக வேண்டும். அவர் இரண்டு சுற்று வந்தார். மூன்றாவது சுற்றில் நின்றார். எல்லோரையும் இறங்கச் சொன்னார். அந்தப் பெண்கள் இறங்க மறுத்துப் பேசாத பேச்சில்லை. ஒரு அம்மா, இன்று கூலி போனால் நீயா தருவாய் என்று கேட்டார். அவர் ஜீப்பின் அடியில் நுழைந்தார். பிரேக்குக்குப் போகும் குழாயில் தலைமுடி கனத்தில் ஒரு வெடிப்பு. கையால் அழுத்தியதும் எண்ணெய் பீறிட்டது.

கூலியைக் கேட்ட அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். அவர் கையை இழுத்துக்கொண்டார். அதில் பெருமை ஒன்றுமில்லை. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் கடைக்குள் வந்து தண்ணீர் கேட்டார். சொம்பைப் பிடிக்க முடியாமல் சட்டையெல்லாம் நனைந்தது.

அந்த நடுக்கத்தின் காரணத்தைப் பிறகு அவர் மனைவிதான் சொன்னார். மதினி என்று நான் கூப்பிடுவேன். போடிக்கு வருவதற்கு முன்னால், வேறு ஊரில், அவர் லாரி ஓட்டியிருக்கிறார். மேட்டில் நிறுத்தியிருந்த லாரியை, நேரமாகிறது என்று கடைக்காரர் விரட்டியதால், ஒன்றும் பார்க்காமல் ஏறிக் கிளப்பியிருக்கிறார். லாரி பின்னால் உருண்டது. பின்னால் அவருடைய கிளீனர் நின்றுகொண்டிருந்தார். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்த மனிதர். “அதுக்கப்புறம் அவரால வண்டியக் கிளப்பவே முடியாமப் போச்சு தம்பி. இந்த அளவுக்கு வந்ததே பெரிய காரியம்” என்றார் மதினி. கேலி பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு என்னால் அந்தக் கேலியில் சிரிக்க முடியவில்லை.

மதினி மலையில் பிறந்தவர். மெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவருடைய அப்பா காவல் வேலை பார்த்தவர். கல்யாணமாகிக் கீழே வந்தவர் ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பேச்சில் மலையாளம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். குழந்தை இல்லை. அந்த வருஷம் கார்த்திகையில் இருமல் பிடித்தது. மார்கழியில் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. சயரோகம் என்று தெரிந்ததும் வீட்டின் சொந்தக்காரர் வாசலுக்கு வெளியே நின்றபடியே காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் யாரும் வேறு வீடு கொடுக்கவில்லை. முதலாளி இரக்கப்பட்டு, ஸ்டோருக்குப் பின்னால் காலி மனையில் இருந்த சாக்கு அறையை ஒழித்துக் கொடுத்தார். அந்த அறைக்கு ஒரு கதவு மட்டும் உண்டு. ஜன்னல் இல்லை.

டாக்டர் ஊசி போட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு எழுதிப் போட்டார். இடமில்லை, காத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. தை மாதம் டாக்டர் டிரைவரண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: மேலே, மெட்டுப் பக்கம், நல்ல காற்று படுகிற இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் வையுங்கள். மழைக்கு முன்னால் நான்கு மாதம் கிடைத்தால் போதும். ஊசியைக் கம்பவுண்டர் வாரம் ஒரு முறை மேலே வந்து போடட்டும்.

மேலேயும் வீடு யார் கொடுப்பார்கள்? தோட்டத்து லயங்களில், கூலி ஆட்களின் வரிசை வீடுகளில், அந்த நோய் என்றாலே வாசலில் சாணி கரைத்து ஊற்றுவார்கள். அப்போதுதான் அவருக்கு அந்த வண்டி ஞாபகம் வந்தது. சண்டை முடிந்தபோது ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஆம்புலன்ஸ் வண்டி. முதலாளி அதில் கொஞ்ச காலம் ஏலக்காய் ஏற்றினார். பிறகு இன்ஜின் தொந்தரவு கொடுக்கவே அந்தக் காலி மனையிலேயே நிறுத்திவிட்டார். எடுத்துக்கோ என்றார் முதலாளி. அந்த வண்டியை ஒரு வீடாக்கி, மனைவியை அதில் வைத்து, மலைச்சாலையில் ஊற்றுத் தண்ணீர் விழுகிற ஒரு வளைவில் கொண்டுபோய் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார். காலி செய் என்று சொல்ல அங்கே யாரும் வர மாட்டார்கள்.

அன்று அவர் என் கடைக்கு வந்ததை மறக்க முடியாது. அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. சாக்கட்டியால் என் கடைத் தரையிலேயே வண்டியை வரைந்தார். இடது பக்கம் நீளவாக்கில் கட்டில். கட்டிலுக்கு அடியில் அரிசிக்கும் துணிக்கும் பெட்டி. எதிர்ப்பக்கம் மடக்குகிற பலகை. பக்கத்துக்கு இரண்டு ஜன்னல். கூரைமேல் ஒரு தகர டின், அதிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர். அடுப்பு உள்ளே வேண்டாம், புகை ஆகாது. பின்கதவுக்கு வெளியே ஒரு பலகை தொங்கவிட்டு அதில் ஸ்டவ். அதற்கு மேலே மழை படாமல் நான் படுதா தைக்க வேண்டும். மெத்தை உறையும் ஜன்னல் திரையும் நான்தான். மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உண்மையில் மூன்று வாரத்தில் அது முடிந்தும்விட்டது. தச்சு வேலையும் அவருக்குத் தெரியும். மக்கிப்போன தரையை எடுத்துவிட்டுப் பலாப் பலகை போட்டார். இன்ஜினை இறக்கிக் கழுவி ஏற்றி, ஓட வைத்தார். மாசி பிறந்தபோது வண்டியில் கட்டில் இருந்தது, ஜன்னல் இருந்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. எச்சில் துப்ப மூடி போட்ட டப்பா ஒன்றில் சாம்பல்கூடப் போட்டு வைத்திருந்தார். அன்றைக்கே கிளம்பியிருக்கலாம்.

“இன்னும் ஒரு சோலி இருக்கு தம்பி” என்றார்.

வண்டிக்குள் ஏலக்காய் வாசம் அடித்தது. வருஷக்கணக்கில் மூட்டைகள் ஏற்றிய வண்டி, மரத்திலேயே வாசம் ஏறியிருந்தது. அது அவளுக்கு இருமலைக் கிளப்பும் என்றார். சோடா கரைத்த வெந்நீரால் உள்ளே முழுவதையும் தேய்த்தார். மறுநாளும் வாசம் இருந்தது. மறுபடி தேய்த்தார். பத்து நாள் தேய்த்து, வாசம் போகவில்லை என்று தெரிந்ததும் உள்பக்கம் பெயின்ட் அடித்தார். பெயின்ட் வாசம் போக மூன்று வாரம் கதவுகளைத் திறந்து போட்டுக் காத்திருந்தார்.

சாக்கு அறையின் வாசலில் உட்கார்ந்து மதினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அளவெடுக்கப் போகும்போது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அந்த வாசம் எனக்குப் பிடிக்கும். அதுலதான நான் பொறந்தேன். ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல” என்றார். நான் போய் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, பிடிக்கும்தான், ஆனா ஆகாது என்றார்.

பிறகு படிகள். வண்டி உயரம், மதினிக்கு மூச்சு வாங்கும் என்று மூன்று படிகள் மடக்கி எடுக்கிற மாதிரி செய்தார். செய்து முடித்தபின் ஒரு நாள் மதினி அறையின் வாசற்படியில் ஏறுவதைப் பார்த்துவிட்டு, படி உயரம் அதிகம் என்று பிரித்து, நான்காகச் செய்தார். கட்டிலின் கீல் கிறீச்சிட்டது. தூக்கம் கெடும் என்று இரும்புக் கீலை எடுத்துவிட்டுப் பித்தளைக் கீலுக்கு மதுரைக்கு ஆள் அனுப்பினார். கீல் வர பன்னிரண்டு நாள் ஆயிற்று. இவ்வளவு யோசித்த மனிதர், தான் எங்கே படுப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை. அந்த வண்டியில் அவருக்கு இடம் இல்லை. நான் கேட்டபோது, முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வேன் என்றார்.

நானும் இதில் பங்குள்ளவன். முதல் தடவை தைத்துக் கொடுத்த படுதாவே போதுமானது. அது எனக்குத் தெரியும், முப்பது லாரிக்குத் தைத்தவன் நான். ஓரம் இன்னும் ஒரு முழம் தொங்கினால் சாரல் அடிக்காது என்று அவர் சொன்னபோது, வேண்டாம் அண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்று பிரித்துத் தைத்தேன். பிறகு கயிறு கோர்க்கும் கண்ணிகளை நெருக்கமாக வைக்கச் சொன்னார், வைத்தேன். பெரியவர் சொல்கிறார், தொழில் தெரிந்தவர், நாம் என்ன மறுத்துப் பேசுவது என்று இருந்துவிட்டேன்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. மலை தெளிந்து, சாலை வளைவுகள் கீழேயிருந்தே கோடு கோடாகத் தெரிந்த மாதம். மதினி பாதியாகிப் போனார். ஒரு மதியம் நான் படுதாவை மாட்டிப் பார்க்கப் போனபோது அவர் இல்லை. மதினி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க அவருகிட்டச் சொல்லுங்க. இதுக்கு மேல தைக்க ஒண்ணும் இல்ல, முடிஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு.”

“நீங்களே சொல்லலாமே மதினி?”

“நான் சொன்னா அழுவுறாரு” என்றார்.

மறுநாள் காலையில் போனேன். அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் உட்கார்ந்து அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பேசினேன். போதும் அண்ணே, எல்லாம் ஆகிவிட்டது, சித்திரை முடியப் போகிறது, கிளப்புங்கள் என்றேன். ஸ்பானர் சத்தம் நின்றது. பிறகு அடியிலிருந்தே பேசினார்.

“ஊசி போட்டாச்சு. மருந்து குடுத்தாச்சு. டாக்டரு கடைசியாச் சொன்ன வழி இது ஒண்ணுதான் தம்பி. மேல கொண்டுபோயும் கேக்கலைன்னா, அதுக்கப்புறம் நான் அவள எங்கிட்டு கொண்டுபோவேன்? கிளப்பாம இருக்கிற வரைக்கும் ஒரு வழி பாக்கி இருக்குல்ல.”

ஏதாவது சொல்லியிருக்கலாம். அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கலாம். மதினியைத் தூக்கி உட்கார வைத்து, வேறு டிரைவரைக் கொண்டாவது கிளப்பியிருக்கலாம். இதெல்லாம் இத்தனை வருஷம் கழித்துத் தோன்றுகிற யோசனைகள். அன்று எழுந்து கடைக்கு வந்து, ஒரு லாரிச் சீட்டுக்கு உறை தைத்தேன்.

வைகாசியில் அவர் பிரேக்கைப் பிரித்தார். மலைச்சாலையில் போகிற வண்டி, பார்க்காமல் கிளப்பக் கூடாது என்றார். அதை மறுத்துப் பேச யாராலும் முடியாது. ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. மேலே மேகம் இறங்கி மலை இருந்த இடமே தெரியாமல் போயிற்று. மழை வந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது என்று சொன்னால் கொடுமையாகத் தெரியும். ஆனால் இருந்தது. இனி யாரும் அவரைக் கிளம்பச் சொல்ல முடியாது. மழை விடட்டும் என்று சொல்லிக்கொண்டு கார்புரேட்டரைக் கழற்றி ஒரு தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார்.

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மழை விட்டு, கொஞ்சம் வெளிவாங்கியிருந்த ஒரு காலை. ஸ்டோர் பக்கமிருந்து ஒரு பெண் வந்து, தையக்காரண்ணே ஓடி வாங்க என்றாள். போனேன். மதினி தானே எழுந்து, சேலை மாற்றி, தலை சீவி, ஒரு துணிமூட்டையை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறியிருந்தார். அந்த நான்கு படிகளையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறார். கட்டிலின் விளிம்பில், இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். டிரைவரண்ணன் கீழே மண்ணெண்ணெய்க் கையோடு நின்றார்.

“நான் ஏறிட்டேன். இனி எறங்க மாட்டேன்” என்றார் மதினி.

அவர் மெதுவாகச் சொன்னார்: கார்புரேட்டர் வெளியே கிடக்கிறது, இன்றைக்கே மாட்டிவிடுவேன், ஆனால் மேலே இரண்டு வளைவில் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடக்கிறது, ஜீப்புகூடப் போகவில்லை, திறக்கப் பதினைந்து நாள் ஆகும் என்கிறார்கள். அதெல்லாம் உண்மைதான். நானும் கேள்விப்பட்டிருந்தேன்.

மதினி கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. வண்டியின் பின்கதவு அவ்வளவு காலமும் ஸ்டோர் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் காரை உதிர்ந்த சுவர் மட்டும் தெரியும்.

“அப்ப மலையப் பாத்தாச்சும் திருப்பி விடுங்க” என்றார்.

இதற்கு இன்ஜின் வேண்டாம். நான் போய் மூட்டை தூக்குகிறவர்கள் ஐந்து பேரைக் கூட்டி வந்தேன். அவர்கள் நோய்க்குப் பயந்து கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஈர மண்ணில் சக்கரம் முதலில் அசையவில்லை, பிறகு கிளம்பியது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், மறுபடி முன்னால் என்று தள்ளித் தள்ளித் திருப்பினோம். எல்லாம் சேர்த்து இருபது முப்பது அடி இருக்கும். மதினி உயிரோடு இருக்கும்போது அந்த வண்டி ஓடிய தூரம் அவ்வளவுதான்.

மலை தெரிந்தது. அடிவாரத்தில் இருந்த பச்சை தெரிந்தது, அதற்கு மேலே மேகம். மதினி கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்த்தார். தள்ளிய ஆட்கள் கலைந்து போனார்கள்.

அந்த வண்டியில் மதினி ஒன்பது நாள் இருந்தார். டிரைவரண்ணன் செய்து வைத்தது எதுவும் பழுதில்லை. கீல் சத்தம் போடவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு பக்க ஜன்னலையும் திறந்தால் காற்று குறுக்கே ஓடியது. நல்ல சாரல் அடித்த நாளிலும் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. அந்தச் சாக்கு அறையில் ஏழு மாதம் தூங்காதவர் இங்கே தூங்கினார். நான் தினமும் போவேன். டிரைவரண்ணன் மேல்படியில் உட்கார்ந்திருப்பார். மதினி அவரிடம், மேகத்துக்குள் எங்கே எந்த வளைவு இருக்கும் என்று கை நீட்டிக் கேட்பார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்வார். அந்த ஊற்றில் இப்போது தண்ணீர் விழுகிறதா என்று ஒரு தடவை கேட்டார். “விழுகும். இந்த மழைக்கு ரோட்டு மேலயே விழுகும்” என்றார் அவர்.

பத்தாம் நாள் காலையில் மதினி வெந்நீர் கேட்டிருக்கிறார். அவர் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சுட வைத்து, எடுத்துப் போகும்போது கண் மூடியிருந்ததால் தூங்குகிறார் என்று எண்ணித் திரும்ப வைத்துவிட்டார். ஆறிப்போகவே மறுபடி சுட வைத்திருக்கிறார். நான் போனபோது மூன்றாவது தடவையாக வைத்திருந்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

காரியங்கள் முடிந்த பிறகு, டாக்டர் ஒரு நாள் தன் காருக்குச் சீட்டு உறை போட என் கடைக்கு வந்தார். பேச்சு அதில் வந்து நின்றது. தையில் ஒரு பக்கம்தான் பாதித்திருந்தது என்றார். அப்போதே கொண்டுபோயிருந்தால், நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல வாய்ப்பு இருந்தது. இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

புரட்டாசியில் சாலை திறந்தது. ஒரு வெயில் காலையில் கடை வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் அந்த வண்டி. டிரைவரண்ணன் சவரம் செய்து, காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். வாங்க தம்பி, ஒரு எட்டு போயிட்டு வருவோம் என்றார். கடையைச் சாத்திவிட்டு ஏறினேன். அடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியது. மண் சரிந்த இடங்களில் புதிய கல் கட்டியிருந்தார்கள். வண்டி ஒரு திணறலும் இல்லாமல் ஏறியது.

ஊற்று விழும் வளைவில், சாலையை விட்டு ஒதுங்கிய சமதரையில் நிறுத்தினார். இறங்கிப் படிகளை விரித்தார். படுதாவை இழுத்துக் கட்டினார். கட்டிலைத் தாழ்த்தி மெத்தையைத் தட்டிப் போட்டார். ஊற்றில் டின்னை நிரப்பி வந்தார். ஸ்டவ்வில் தேயிலைக்குத் தண்ணீர் வைத்தார். எல்லாம் முடிந்தபின் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். கீழே போடி ஊர் ஒரு கைப்பிடி ஓடுகளாகத் தெரிந்தது.

“உங்களுக்கு டாக்டரு பழக்கம். கேட்டிருப்பீங்க” என்றார். “தையிலயே இங்க கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பாளா?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு ஏறும்போதே தெரியும். பதிலையும் தயாராக வைத்திருந்தேன்.

“இல்லண்ணே. எப்ப கொண்டாந்திருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாங்க. டாக்டரே சொன்னாரு” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பிவிட்டார். அவர் மனதில் இருந்த பாரம் இறங்கிவிடும் என்று நான் காத்திருந்தேன்.

“அப்ப அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார். “பொழைக்கிறதுக்காக அவ கேக்கல. இங்க வந்து இருக்கணும்னுதான் கேட்டிருக்கா. அதுக்குக் கட்டிலு எதுக்கு தம்பி? படுதா எதுக்கு? ஒரு போர்வையச் சுத்தி, மூட்டை மேல உக்கார வச்சுக் கூட்டியாந்திருக்கலாமே.”

தண்ணீர் கொதித்துவிட்டது. அவர் எழுந்து தேயிலை போட்டு இறக்கி வடிகட்டினார். ஒரு டம்ளரை எனக்குக் கொடுத்தார். மற்றதைத் தன் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், ஊற்று விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வாயைத் திறந்தேன். எடுத்துக்கொண்டால் அந்த இடத்தில் வைப்பதற்கு என்னிடம் இருந்தது டாக்டர் சொன்னது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டேன்.

மேலேயிருந்து ஒரு தோட்டத்து ஜீப்பு வந்தது. அவரே கை காட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். தான் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

வரவில்லை. ஐப்பசியில் ஜீப்பு டிரைவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. வண்டியின் சாவியைப் பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு, மெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்து இறங்கிப் போனாராம். கையில் ஒன்றும் இல்லையாம். முதலாளி ஆள் விட்டுத் தேடப் போகிறேன், உனக்கு அடையாளம் தெரியுமே, கூடப் போகிறாயா என்று என்னைக் கேட்டார். கடையில் வேலை நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கண்டுபிடித்தால் அவருக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமே என்ற பயம். கடையில் அன்று வேலை ஒன்றும் இல்லை.